பெயரின் உரிமையும் மண்ணின் வாழ்வும்
ஊர்ப்பெயர்க் குறியீடு பற்றி ஒரு விளக்கம்

1. முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து சென்ற தென்னிந்தியப் பொருள்களுள் “திருச்சிராப்பள்ளிச் சுருட்டு” பெரும்பெயர் பெற்றது. 1887-இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளுள் முதலாவதில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைக் கொண்டே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் கூறிவிடுகிறார். ஆங்கில வாசகனுக்கு அப்பெயர் அவ்வளவு பழக்கமாயிருந்தது. ஆனால் அச்சுருட்டுக்குரிய புகையிலையோ திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியில் விளைந்தது. உழுது நீர்பாய்ச்சியவன் திண்டுக்கல் வட்டாரத்தான். புகழ் சென்றதோ திருச்சிராப்பள்ளிக்கு. அப்பெயரால் வந்த ஆதாயமும் உழுதவனைத் தேடி வந்ததில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், அதே திண்டுக்கல் நகரில், நாகல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. இங்குள்ள பட்டறைகளில் கையால் செய்யப்படும் பூட்டு, ஊரின் பெயரோடு சேர்த்தே அறியப்படுவது. வட நாட்டில் அலிகாரில் இயந்திரத்தால் செய்யப்படும் விலை குறைந்த பூட்டுகள் இங்குள்ள கடைகளுக்கே வந்து சேர்ந்தபோது, “திண்டுக்கல் பூட்டு” என்று சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்னும் வினாவும் உடன் வந்தது. 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. செய்தித்தாள்கள் அதனைப் பெருமையுடன் வெளியிட்டன. ஆனால் அக்குறியீடு என்பது யாது? அது எங்கிருந்து வந்தது? சிற்றூர் மக்களின் வாழ்வு நிலைபெற அது எவ்வளவு துணை செய்யும்? இவ்வினாக்களுக்கு இயன்ற அளவு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடிவை முன்னரே கூறிவிடலாம். பெயரைக் காப்பது ஒன்று. பெயருக்குரிய மக்களைக் காப்பது மற்றொன்று. முதலாவதைச் சட்டம் செய்யும். இரண்டாவதைச் சட்டம் தானாகச் செய்வதில்லை. உற்பத்தியாளர் தாமே கூடி நின்றால்தான் அது நிறைவேறும். இதனை ஐரோப்பிய நாடுகளின் வரலாறும் காட்டுகிறது; நம் வட்டாரத்தின் நிலையும் காட்டுகிறது.

2. திராட்சைத் தோட்டத்தில் பிறந்த சட்டம்

ஊர்ப்பெயரால் ஒரு பொருளைச் சிறப்பித்துக் கூறுவது மிகப் பழைய வழக்கம். எசேக்கியேல் ஆகமத்தின் 27-ஆம் அதிகாரம் தீருப் பட்டணத்தின் வணிகத்தை விரித்துரைக்கும் இடத்தில், இன்ன ஊரிலிருந்து வந்த திராட்சரசம் என்று ஊர்ப்பெயரோடுதான் குறிக்கிறது. ஓசியா ஆகமத்தின் இறுதி அதிகாரம் லீபனோனின் திராட்சரசத்தைப் புகழ்ப்பொருளாகவே கொண்டு பேசுகிறது. பெயரைக் கேட்டவுடன் தரம் மனத்தில் தோன்றும் என்பதை அக்காலத்து வணிகரும் அறிந்திருந்தனர்.

இவ்வழக்கம் திராட்சரசத்தில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. திராட்சைக் கொடி மண்ணின் வாகையும், மலைச்சரிவின் திசையையும், காற்றின் ஈரத்தையும் தன் கனியில் காட்டும் இயல்புடையது. ஒரே இனக் கொடியை இரு மலைச்சரிவுகளில் நட்டால் இரு வேறு சுவைகள் பிறக்கின்றன. இச்சுவை வேறுபாட்டை அறிந்தவர்கள் ஊர்ப்பெயருக்கு மிகுந்த விலை தந்தார்கள். மிகுந்த விலை கிடைக்கும் இடத்தில் போலியும் தோன்றுவது இயற்கை.

எனவே எல்லை வகுக்கும் முயற்சிகள் தொடங்கின. 1716-இல் இத்தாலியின் தஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, கியாந்தி முதலான நான்கு பகுதிகளின் எல்லைகளை வரையறுத்து ஆணை பிறப்பித்தார். 1756-இல் போர்ச்சுகலின் முதலமைச்சரான பொம்பால், தோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் எல்லை வகுக்கச் செய்தார். அதனை அடுத்த ஆண்டுகளில் அங்குக் கருங்கல் தூண்கள் நடப்பட்டன. அவற்றுட் பல இன்றும் நிற்கின்றன.

ஆயினும் இன்றைய சட்டத்தின் உண்மையான தாய்வீடு பிரான்சு நாடேயாகும். அந்நாட்டில் இச்சட்டம் துன்பத்திலிருந்து பிறந்தது. 1860-களில் வட அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பில்லோக்செரா என்னும் நுண்பூச்சி, கொடிகளின் வேரை அரித்துப் பெரும்பாலான தோட்டங்களை அழித்தது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டும் முறை கண்டறியப்பட்ட பின்னரே தோட்டங்கள் மீண்டன. இடைப்பட்ட பற்றாக்குறைக் காலத்தில், உலர்ந்த திராட்சையையும் சர்க்கரை நீரையும் கொண்டு செய்யப்பட்ட போலிகள் புகழ்பெற்ற ஊர்களின் பெயரில் விற்கப்பட்டன. தோட்டம் மீண்டும் தளிர்த்தபோது உழவனுக்கு விலை இல்லை. சந்தையைப் போலி பிடித்துக்கொண்டிருந்தது.

1905-இல் போலிகளைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 1908-இல் ஷாம்பேன் பகுதிக்கு எல்லை வகுக்கப்பட்டபோது, மார்ன் மாவட்டம் உள்ளே இருந்தது. ஓப் மாவட்டம் வெளியே விடப்பட்டது. வணிகர்கள் வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து ஷாம்பேன் என்று விற்கிறார்கள் என மார்ன் உழவர்கள் கொதித்தனர். தாங்கள் பரம்பரையாக விற்றுவந்த பெயர் பறிக்கப்பட்டது என்று ஓப் உழவர்கள் கொதித்தனர். 1911-இல் கலகம் மூண்டது. கிடங்குகள் எரிந்தன, படை அனுப்பப்பட்டது. 1927-இல் இயற்றப்பட்ட சட்டத்தில்தான் ஓப் மாவட்டத்தின் கிராமங்கள் முறையாகச் சேர்க்கப்பட்டன. வரைபடத்தில் ஒரு கோடு கிழிப்பது எளிய செயல் போலத் தோன்றும். ஆனால் அக்கோட்டின் இருபுறமும் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை அந்நாடு இவ்வாறு கற்றுக்கொண்டது.

இத்துயர அனுபவங்களின் பின்னரே 1935-இல் பிரான்சு ஒரு தேசியக் குழுவை ஏற்படுத்தியது. அக்குழுவில் அரசு அலுவலரும் இருந்தனர். தோட்டக்காரர்களின் பிரதிநிதிகளும் இருந்தனர். எந்த ஊர் என்பதோடு அக்குழு நின்றுவிடவில்லை. எந்த இனக் கொடி, ஒரு எக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் வரை அனுமதி, எவ்வாறு கவாத்துச் செய்வது என்பனவெல்லாம் விதிகளாயின. விளைச்சலுக்கு மேல்வரம்பு விதிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. அளவைப் பெருக்கிப் பெயரைக் கெடுப்பதைவிட, அளவைக் கட்டுப்படுத்திப் பெயரைக் காப்பது நன்று என்பதை உழவர்களே ஒப்புக்கொண்டனர். 1936-இல் முதல் ஊர்ப்பெயர்கள் இம்முறையில் பதிவு பெற்றன.

இவ்விடத்து ஒரு விளக்கம் தேவையாகிறது. திராட்சை மதுவைப் போற்றுவது நம் நோக்கமன்று. குடியால் சீரழியும் குடும்பங்களை நம் ஊர்கள் நன்கறியும். ஆயினும் இன்று பூட்டுக்கும் வாழைக்கும் பயன்படும் இச்சட்டம் திராட்சைத் தோட்டத்தில் பிறந்ததாகலின், அதன் வரலாற்றை அறியாமல் அதன் வலிமையையும் குறையையும் அறிய முடியாது.

3. உலக உடன்பாடும் இந்தியச் சட்டமும்

1994-இல் கையொப்பமான உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாடு, ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் உரிய கடமையாக்கியது. ஆனால் அதில் ஒரு சமனின்மை உண்டு. உடன்பாட்டின் 22-ஆம் பிரிவு எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான பாதுகாப்பைத் தருகிறது. 23-ஆம் பிரிவோ திராட்சை மதுவுக்கும் வடித்த மதுவுக்கும் மட்டும் மேலான பாதுகாப்பைத் தருகிறது.

இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அயல்நாட்டு வணிகர் ஒருவர் தம் பூட்டின்மேல் “திண்டுக்கல் வகை” என்று பொறித்து, உற்பத்தியான நாட்டின் பெயரையும் சேர்த்துப் போடுகிறார் என்று கொள்வோம். வாங்குபவர் உண்மையில் ஏமாற்றப்படுகிறார் என்று இங்குள்ள தொழிலாளர் மெய்ப்பிக்க வேண்டும். அல்லது அது முறையற்ற போட்டி என்று காட்ட வேண்டும். ஒரு திராட்சை மதுவின்மேல் “ஷாம்பேன் வகை” என்று பொறித்தாலோ, ஏமாற்றம் நிகழ்ந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை; “வகை”, “பாணி” என்னும் அடைமொழிகளும் விலக்கப்பட்டவை. செல்வ நாடுகளின் பொருளுக்கு உயர்ந்த வேலியும், ஏழை நாடுகளின் பொருளுக்குத் தாழ்ந்த வேலியும் அமைந்துள்ளன. உயர்ந்த பாதுகாப்பை எல்லாப் பொருள்களுக்கும் விரிவாக்க வேண்டும் என்று உலக வணிக அமைப்பில் வாதாடிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

இந்தியாவில் இதற்கெனத் தனிச்சட்டம் தேவை என்ற உணர்வைத் தூண்டியவற்றுள் பாசுமதி அரிசி பற்றிய வழக்கு முதன்மையானது. 1997-இல் ஓர் அமெரிக்க நிறுவனம் பாசுமதி வகை அரிசி தொடர்பாக அந்நாட்டில் காப்புரிமை பெற்றது. நம் நாட்டிலேயே பாதுகாக்கப்படாத ஒரு பெயரைப் பிற நாடு பாதுகாக்க வேண்டும் என்று கேட்பது அரிது என்பது அப்போது புலனாயிற்று. 1999-இல் பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டம் இயற்றப்பட்டு, 2003 செப்டம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில் அமைந்தது. முதற் பதிவைப் பெற்றது டார்ஜிலிங் தேயிலை.

இச்சட்டத்தின் இயல்புகளை நான்காகச் சுருக்கிக் கூறலாம்.

முதலாவது, இது தனியொருவரின் உரிமையன்று. வணிக முத்திரை ஒரு நிறுவனத்துக்கு உரியது; புவிசார் குறியீடு ஓர் ஊரின் உற்பத்தியாளர் அனைவருக்கும் உரியது. உற்பத்தியாளரின் சங்கமோ, அவர்களைப் பிரதிநிதிப்படுத்தும் அமைப்போ அதிகாரமோதான் விண்ணப்பிக்க இயலும்.

இரண்டாவது, பொருளுக்கும் இடத்துக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிக்க வேண்டும். பொருளின் தரமோ புகழோ பிற இயல்போ அவ்விடத்தால் வந்தது என்று வரலாற்றுச் சான்றோடு காட்ட வேண்டும். எல்லை குறிக்கும் வரைபடமும், செய்முறையின் விவரமும், தரத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடும் விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டும்.

மூன்றாவது, இதில் இருவகைப் பெயர்ப் பதிவுகள் உண்டு. விண்ணப்பித்த அமைப்பு “பதிவு பெற்ற உரிமையாளர்” ஆகிறது. உண்மையில் பொருளைச் செய்யும் ஒவ்வொருவரும் “அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்” என்று தனியே பதிந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டாம் பதிவைச் செய்யாத தொழிலாளிக்கு, சட்டத்தின் முன் அக்குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமை நிறைவாவதில்லை. இதற்கான விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாயிலிருந்து 2020-இல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

நான்காவது, இவ்வுரிமையை விற்கவோ அடகு வைக்கவோ வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவோ இயலாது. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளலாம்.

4. திண்டுக்கல் வட்டாரத்தின் பொருள்கள்

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம்.

பூட்டுத் தொழிலைப் பற்றி ஊரார் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு: இங்கு நீர் குறைவு, இரும்பு மிகுதி, ஆகவே வேளாண்மையை விட்டவர்கள் இரும்பைத் தொட்டார்கள் என்பது அது. இரும்பும் பித்தளையும் கொண்டு, உள்ளிருக்கும் லீவர் ஒவ்வொன்றையும் அரத்தால் இழைத்துச் சாவிக்குப் பொருத்துவது இத்தொழிலின் உயிர்நிலை. மாங்காய்ப் பூட்டு, மணியடிக்கும் பூட்டு என வகைகள் பல. கோயில்களும் கிடங்குகளும் இப்பூட்டையே நம்பி வந்தன. குறியீட்டுக்கு விண்ணப்பித்தது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் என்பது சிறப்பாகக் கருதத்தக்கது. பெயரின் உரிமை ஒரு வணிகரிடமோ அரசு வாரியத்திடமோ அன்றித் தொழிலாளரின் அமைப்பிடமே இருக்கிறது.

சிறுமலையின் மலைவாழையும் விருப்பாட்சி மலைவாழையும் 2008-09-ஆம் ஆண்டில் குறியீடு பெற்றன. இவற்றின் வரலாறு எண்ணிப் பார்க்கத்தக்கது. முடிக்கொத்து நோய் என்னும் நச்சுயிரி நோய் பரவியதால் மலைத்தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்து, மலைவாழையே மறைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நோயற்ற கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் பெருக்கித் தந்தனர். உழவர்கள் கூட்டமைப்பாக ஒன்று சேர்ந்தனர். குறியீடு அதன் பின்னரே வந்தது. அதாவது, கன்று முதலில் வந்தது. பெயர் பின்னர் வந்தது. இவ்வரிசை மாறியிருந்தால், விளையாத பழத்துக்குச் சான்றிதழ் மட்டும் எஞ்சியிருக்கும்.

பழனிப் பஞ்சாமிர்தம் 2019-இல் குறியீடு பெற்றது. அதன் செய்முறையில் விருப்பாட்சி மலைவாழை இடம்பெறுவதால், ஒரு பொருளின் பெயர் மற்றொரு பொருளின் தேவையை நிலைநிறுத்துகிறது. மலையில் விளைவிக்கும் உழவனுக்கு அடிவாரத்தில் ஒரு நிலையான வாங்குநர் இருக்கிறார் என்பது எந்த விளம்பரத்தைக் காட்டிலும் வலிமையானது. கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-இல் குறியீடு பெற்றது.

ஒரே மாவட்டத்தில் இத்தனை பொருள்கள் இவ்வாறு பதிவு பெற்றிருப்பது பெருமைக்குரியதே. ஆனால் பதிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மக்களின் வாழ்வை அளக்க இயலாது.

5. ஒரே கனி, இரு புறமும் எல்லை

திராட்சையைப் பற்றிய செய்தி நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அணைப்பில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கு, 1895 முதல் பெரியாற்று அணையின் நீரைப் பெற்றுச் செழித்தது. இந்தியாவின் பிற பகுதிகளில் திராட்சை அறுவடை ஆண்டின் சில மாதங்களுக்கு மட்டுமே உரியது. கம்பத்தின் தட்பவெப்பத்திலோ, கவாத்துச் செய்யும் காலத்தை மாற்றி மாற்றி ஆண்டு முழுவதும் கனி பறிக்க முடிகிறது. இதுவே அவ்விடத்தின் தனித்தன்மை.

பன்னீர்த் திராட்சையின் இனப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க் என்பதாகும். இதிலும் ஒரு பெயர் வேடிக்கை உண்டு. ஹாம்பர்க் என்பது செர்மானிய நகரம். ஆனால் இவ்வினம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கண்ணாடிக் குடில் ஒன்றில் உருவாக்கப்பட்டது. கொடியின் இனப்பெயர் அது பிறந்த இடத்தையும் சொல்லவில்லை. அது வாழும் இடத்தையும் சொல்லவில்லை. குறியீடு காப்பது இனத்தையன்று, இடத்தை என்பதற்கு இது தக்க சான்று.

இவ்விடத்தில்தான் சிக்கல் எழுகிறது. இதே பன்னீர்த் திராட்சை திண்டுக்கல் மாவட்டத்திலும், சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு, செட்டியபட்டி, ஜாதிக்கவுண்டன்பட்டி ஆகிய ஊர்களில் பல்லாண்டுகளாகப் பயிராகி வருகிறது. இனம் ஒன்று, பந்தல் ஒன்று, உழைப்பும் ஒன்று. ஆனால் வெள்ளோட்டு உழவர் தம் கூடையின்மேல் “கம்பம்” என்று எழுத முடியாது. எழுதுவது நேர்மையும் ஆகாது. அவர் மண் கம்பத்து மண்ணன்று. எனினும் வாங்குபவர் மனத்தில் “பன்னீர்த் திராட்சை என்றால் கம்பம்” என்ற எண்ணம் பதியுமாயின், வெள்ளோட்டுக் கூடைக்கு விலை குறையும் அபாயம் உண்டு. 1911-இல் ஓப் மாவட்டத்து உழவர்கள் நின்ற நிலையை இது நினைவூட்டுகிறது.

இதற்கு விடை எல்லையை விரிப்பதன்று. எல்லையை விருப்பம்போல் விரித்தால் பெயர் பொருளற்றதாகும். வெள்ளோட்டார் தம் கனியின் தனித்தன்மை யாது என்று தாமே ஆராய்ந்து, தம் பெயரில் தனியே நிற்க முடியுமா என்று காண்பது ஒரு வழி. பெயரைத் தேடாமல், கூட்டுறவாகக் குளிர்பதனமும் பழச்சாறு தொழிலும் அமைத்துக்கொள்வது மற்றொரு வழி. பன்னீர்த் திராட்சை மெல்லிய தோலுடையது, நெடுநாள் தாங்காது, நெடுந்தூரம் செல்லாது. பறித்த அன்றே விற்க வேண்டியவன் விலை பேசும் வலிமையற்றவன். அவனுக்குச் சான்றிதழைக் காட்டிலும் கனியைக் கெடாமல் காக்கும் ஓர் அறை பெரிதும் உதவும். கம்பத்து உழவருக்கும் இது பொருந்தும். அவர் பெயரைப் பெற்றுவிட்டார். ஆனால் தோட்டத்து வரப்பில் நின்று விலை சொல்லும் வணிகரே இன்னும் விலையை முடிவுசெய்வாராயின், பெயரின் பயன் வணிகரிடமே சேரும்.

திராட்சையிலிருந்து மது செய்யும் தொழில் வளர்ந்த மகாராட்டிரத்தில், அம்மாநில அரசு 2001-இல் இதற்கெனத் தனிக்கொள்கை வகுத்தது. “நாசிக் பள்ளத்தாக்கு” என்னும் பெயர் திராட்சை மதுவுக்குரிய குறியீடாகப் பதிவும் பெற்றது. கோவாவின் பெனி என்னும் முந்திரிப்பழ மது 2009-இல் குறியீடு பெற்றது. ஐரோப்பாவின் பழைய முறை இவ்வாறு இந்திய மண்ணிலும் கால் ஊன்றியது. தமிழ்நாட்டிலோ பன்னீர்த் திராட்சை உண்ணும் கனியாகவே பதிவு பெற்றது. மதுவின் வழியே சென்றுதான் திராட்சை உழவர் வாழ வேண்டும் என்னும் நியதி இல்லை என்பதற்கு இது சான்றாகலாம்.

6. பெயரால் மட்டும் வளர்ச்சி வருமா?

குறியீடு பெற்ற இடங்களிலெல்லாம் சிற்றூர் செழித்தது என்று கூறுவதற்கில்லை. இரு அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளை ஒப்பிட்டுக் காண்போம்.

மெக்சிகோவின் தெக்கீலா என்னும் மது 1974-இல் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்புப் பெற்றது. உலகெங்கும் விற்பனை பெருகியது. ஆனால் விதிகள் நீலக் கற்றாழை என்னும் ஒரே இனத்தையே அனுமதித்தன. அதன் கன்றுகளே எங்கும் நடப்பட்டதால் பிற இனங்கள் அருகின. ஒரே இனப் பயிரை நோய் எளிதில் தாக்கியது. கற்றாழை வளர ஆறேழு ஆண்டுகள் ஆகும். விலை ஏறும்போது எல்லாரும் நட்டு, அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்து உழவர் நலிந்தனர். ஒருவகை தெக்கீலாவில் கற்றாழை அல்லாத சர்க்கரையை 49 விழுக்காடு வரை சேர்க்கவும் விதி இடம் தந்தது. பெயர் காக்கப்பட்டது, கற்றாழை உழவர் காக்கப்படவில்லை.

பிரான்சின் கிழக்கு மலைப்பகுதியான ஜூராவில் செய்யப்படும் கொந்தே என்னும் பாலாடைக்கட்டி 1958-இல் குறியீடு பெற்றது. அங்குப் பால் தரும் பசுவின் இனம் வரையறுக்கப்பட்டது. பதனிட்ட பசுந்தீவனம் விலக்கப்பட்டது. புல்லும் உலர்புல்லுமே உணவு. ஒவ்வொரு சிறு ஆலையும் அண்மையிலுள்ள பண்ணைகளின் பாலையே வாங்க வேண்டும் என்று தூரமும் வரையறுக்கப்பட்டது. ஆகவே ஒரு பெருநிறுவனம் எல்லாப் பாலையும் ஓரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. சிற்றூர்க் கூட்டுறவு ஆலைகள் நிலைத்தன. மேய்ச்சல் நிலமும் நிலைத்தது. பாலுக்கு நல்ல விலையும் கிடைத்தது.

இவ்விரண்டுக்கும் சட்டம் ஏறத்தாழ ஒன்றே, விதிகளே வேறு. விதிகளை எழுதும் மேசையில் யார் அமர்ந்தார்கள் என்பதே வேற்றுமைக்குக் காரணம். இதிலிருந்து நம் வட்டாரத்துக்குரிய நான்கு பாடங்களைப் பெறலாம்.

ஒன்று, அமைப்பு. பூட்டுத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கம் உரிமையாளராக இருப்பது தொடக்கமே. ஒவ்வொரு பட்டறைக்காரரும் பயனாளராகப் பதியப்பட வேண்டும். பதியாதவர் தம் ஊரின் பெயரிலேயே அந்நியராவார்.

இரண்டு, தரம். “திண்டுக்கல்” என்று பொறித்த பூட்டு ஒன்று கெட்டால் பழி ஒரு பட்டறையோடு நிற்பதில்லை. ஊர் முழுவதற்கும் வருகிறது. ஆகவே ஒருவர் பொருளை மற்றவர் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். போலியைக் கண்டு வழக்குத் தொடரப் பொருளும் ஆளும் வேண்டும். சட்டம் கதவைத் திறந்து வைக்கிறது. நடந்து செல்வது உரியவர் கடமை.

மூன்று, பங்கு. குறியீட்டால் விலை உயர்ந்தால், உயர்ந்த பகுதி யாருக்குச் செல்கிறது? துண்டுக் கூலிக்கு லீவர் இழைக்கும் கைவினைஞருக்கு அதில் பங்கில்லையாயின், அவர் மகன் இத்தொழிலுக்கு வரமாட்டான். வராமலிருப்பது அவன் குற்றமுமன்று. கைவினையைக் காக்கும் சட்டத்தின் கீழே கைவினைஞரின் தலைமுறை முடிந்துபோவது நேரக்கூடிய ஒன்றே. டார்ஜிலிங் தேயிலையின் பெயர் தேயிலை வாரியத்தின் கையில் இருக்கிறது. இலை பறிக்கும் பெண்ணின் கூலியை அப்பதிவு தீர்மானிப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நான்கு, மண்ணும் நீரும். இடத்தின் பெயர் விலைபெறுவது அவ்விடத்தின் இயல்பால்தான். அவ்வியல்பு கெட்டால் பெயரும் வெறும் ஒலியாகும். திண்டுக்கல்லைச் சூழ்ந்த பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டதை இவ்வட்டாரத்து உழவர் அறிவர். திராட்சைப் பந்தலில் அளவின்றித் தெளிக்கப்படும் மருந்தும், போட்டி போட்டு ஆழமாக்கப்படும் ஆழ்துளைக் கிணறும் அவ்வகையினவே. பிரெஞ்சு விதிகள் விளைச்சலுக்கு மேல்வரம்பு விதித்ததுபோல, நம் விதிகளும் நீருக்கும் மருந்துக்கும் வரம்பு விதிக்க இயலும். குறியீட்டின் செய்முறை விவரத்தில் இவற்றைச் சேர்க்கச் சட்டம் தடையாயில்லை.

7. முடிவுரை

சட்டத்தின் நான்கு இயல்புகளுள் இறுதியாகக் கூறியதை மீண்டும் நோக்குவோம்: ஊர்ப்பெயரை விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ முடியாது. இராஜாக்களின் முதலாம் புத்தகம் 21-ஆம் அதிகாரத்தில் நாபோத் என்னும் உழவனின் கதை இருக்கிறது. அவன் திராட்சைத் தோட்டத்துக்கு மாற்றாக அதைவிட நல்ல தோட்டத்தையோ ஈடான பணத்தையோ தருவதாக அரசன் சொன்னான். சந்தைக் கணக்கில் அது நட்டமில்லாத பேரம். நாபோத் மறுத்தான், ஏனெனில் அது அவன் முன்னோர் வழிவந்த நிலம், அவன் ஒருவன் விற்றுவிடக் கூடியதன்று. விலைபேச இயலாத உரிமை என்று ஒன்று உண்டு என்பதை அவன் அறிந்திருந்தான். ஆனால் உரிமை அவன் பக்கம் இருந்தும் அவனைக் காக்க ஊரார் எவரும் எழவில்லை. ஊர் மூப்பர்களே பொய்ச்சாட்சிக்கு உடன்பட்டார்கள். உரிமை ஏட்டில் இருந்தது. துணை நிற்பார் இல்லை.

புவிசார் குறியீட்டின் நிலையும் இதுவே. அது விலைபேச இயலாத உரிமையை ஏட்டில் எழுதித் தருகிறது. நாகல் நகர்ப் பட்டறைகளில் அரத்தின் ஓசை தொடர்ந்து கேட்பதும், சிறுமலை அடிவாரப் பந்தல்கள் பசுமையாய் நிற்பதும், அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு உரியவர்கள் கூடி நிற்பதைப் பொறுத்தவை. நம் சபைகளிலும் பள்ளிகளிலும் இத்தொழில்களில் ஈடுபட்ட குடும்பங்கள் இருக்கக்கூடும். அவர்களோடு அமர்ந்து கீழ்க்காணும் வினாக்களைச் சிந்திப்பது பயனுடையதாகும்.

சிந்தனைக்கு

அ) உங்கள் ஊரின் பெயரோடு அறியப்படும் பொருள் யாது? அதனைச் செய்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டா?

ஆ) அப்பொருளின் விலையில் செய்தவர் கைக்கு எவ்வளவு, இடையில் நிற்பவர்க்கு எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்ததுண்டா?

இ) அப்பொருள் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிலைக்க வேண்டுமாயின் மண்ணிலும் நீரிலும் இன்றே எதைக் காக்க வேண்டும்?